எட்டாம் இலக்கத்தில் பரீட்சை

சென்ற வருடம் நான் ஒன்பது இலக்குகள் வைத்தேன். அவற்றில் ஒன்றே ஒன்று நிறைவேறியது: போன் பார்ப்பதை நாளுக்கு முப்பது நிமிடமாகக் குறைப்பது. அதுவும் ஜூன் மாதம் போன் குளிக்கிற பீலித் தண்ணீரில் விழுந்து மூன்று வாரம் செத்துக் கிடந்ததால் தானாக நடந்தது. மற்ற எட்டும் எப்படி நாசமாய்ப் போயின என்பதை எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன். வெட்கம் ஆறுவதற்குள் எழுதினால்தான் உண்மை வரும். ஆறிய பிறகு எழுதினால் நான் நல்லவனாகிவிடுவேன்.

றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கிற காம்பரா வீடுகள். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார்ந்த முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கெம்பஸ் போகிற அளவுக்குப் புள்ளி எடுக்கவில்லை. மூன்றாம் தரம்தான் கடைசி. அதற்குப் பிறகு நான் தலைகீழாக நின்று எழுதினாலும் பல்கலைக்கழகம் திரும்பிப் பார்க்காது. அந்தக் கடைசித் தரம் சென்ற வருடம் நவம்பரில் வந்தது.

வருடத்தின் முதல் நாள் ஆராதனையில் பாஸ்டர், இந்த ஆண்டுக்கு எல்லோரும் இலக்கு வைக்க வேண்டும், அதை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றார். சபையில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. மீதிப் பேருக்கு ஒட்டுகிற மாதிரி சுவர் கிடையாது. நான் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு யாராவது மேடையில் நின்று எதைச் சொன்னாலும் உடனே செய்துவிட வேண்டும் என்று வரும். அது ஒரு வியாதி.

அன்று மதியமே றக்வானை டவுனுக்கு இறங்கி, முஸ்லிம் நானா கடையில் ஒரு பெரிய டிமைப் பேப்பரும் சிவப்பு மார்க்கரும் வாங்கி வந்தேன். இலக்குகளை ஆங்கிலத்தில் எழுதினேன். ஆங்கிலம் படிப்பதும் ஓர் இலக்கு என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தவிர, ஏழாவது இலக்கை லயத்தில் யாரும் வாசித்துவிடக் கூடாது. தலைப்பை மட்டும் தமிழில் போட்டேன். இலக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் இருந்தன, எது சரி என்று தெரியவில்லை.

ஒவ்வோர் இலக்குக்கும் பக்கத்தில் சிவப்பில் பெரிதாக ஓர் எண். காலை 4.30க்கு எழும்புவது. நாளுக்கு 25 ஆங்கிலச் சொல். 40 தண்டால். சிங்கள எழுத்து 2 பக்கம். போன் 30 நிமிடம். யூடியூப் செனலுக்கு 1000 பேர். ஏழாவதற்கு ஒரு சைபர். எட்டாவது, பரீட்சை. அதற்கு என்ன எண் போடுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன். ஒன்பதாவதற்கு ஒரு 1. முன் காம்பராச் சுவரில், ஈரம் பூத்திருந்த இடத்தை மறைத்து, கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி ஒட்டினேன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் நன்றாகத் தெரியும். முப்பது வருடமாகத் தராசில் கொழுந்து நிறுத்து, குறைத்துச் சொன்னால் சண்டை போட்டுப் பழகியவர். பேப்பரை மேலிருந்து கீழ் பார்த்து, "எல்லாம் கிலோவா?" என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் பக்கத்துக் காம்பரா மாமா வந்துவிட்டார். ஃபெக்டரியில் காலை ஷிப்ட் வேலை. எழுத்துக் கூட்டி வாசிப்பார், பாதிச் சொல்லில் களைத்துப்போவார்.

"இ… லக்… இலக்கமா மருமகனே?"

"இலக்கு மாமா."

"அதான், இலக்கம்."

"இலக்கம் இல்ல மாமா. இலக்கு. வருசத்துக்கு நான் என்னென்ன செய்யணும்னு."

"சரி சரி. எனக்கிட்ட எதுக்கு மறைக்கிற? பாஸ்டரே சபையில வெச்சு சொல்லிட்டாரு, இலக்கம் எழுதி ஒட்டுங்கன்னு."

அவர் உள்ளங்கையில் பேனாவால் 30, 25, 40 என்று எழுதிக்கொண்டு போனார். நான் சிரித்தேன். அடுத்த வாரம் டவுனில் அந்த மூன்று எண்ணும் இருக்கிற லொத்தர் சீட்டைத் தேடி எடுத்து, அதில் ஒரு ரைஸ் குக்கர் வாங்குகிற அளவுக்கு விழுந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ரைஸ் குக்கரை மாமா லயம் முழுக்கத் தூக்கிக் காட்டினார். கரண்ட் அன்றைக்கு இல்லை. அதனால் தூக்கிக் காட்ட மட்டுந்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு என் இலக்குகளை என்னைவிட ஊர் கவனமாகப் பார்த்தது.

ஜனவரியில் பதினோரு நாள் 4.30க்கு எழும்பினேன். பன்னிரண்டாம் நாள் மழை. போர்வைக்குள் கிடந்து யோசித்ததில், நாலரை என்பது விஞ்ஞான ரீதியாக ஒத்துவராது என்று முடிவுசெய்து, எழும்பியதும் அதை வெட்டி 5.15 என்று மாற்றினேன். மாற்றிய மார்க்கர் காய்வதற்குள் மாமா வாசலில்.

"மாத்திட்டியா? சொல்ல மாட்டியா? நான் பழைய நம்பருல ரெண்டு சீட்டு எடுத்துட்டேனே!"

"மாமா, அது நான் எழும்புற நேரம்."

"நீ எழும்புனா என்ன, எழும்பாட்டி என்ன. நம்பர மாத்துறப்ப ஒரு சத்தம் குடு."

ஆனால் மூன்று நாளில் அவரே வேறு கணக்குக்கு வந்துவிட்டார். நான் அந்த நேரத்துக்கு எழும்பினால்தான் எண்ணுக்கு உயிர் இருக்கும் என்று அவருக்கு எப்படியோ பட்டுவிட்டது. எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், அதுவும் கூரை வரை போகாது. காலை ஐந்தே காலுக்கு அந்த இடைவெளி வழியாக அவருடைய குரல் இறங்கும்.

"மருமகனே! எழும்பு! நம்பர் செத்துரும்!"

"அஞ்சு நிமிசம் மாமா…"

"அஞ்சு இருபதுக்கு யாரும் சீட்டு எடுக்கல. எழும்புடா!"

எழும்புவேன். எழும்பி, விளக்கைப் போட்டு, புவியியல் புத்தகத்தைத் திறந்து வைத்து அதன் மேல் தூங்குவேன். விளக்கு எரிந்தால் மாமாவுக்குப் போதும்.

மற்றவையும் இப்படித்தான். தண்டால் நாற்பது இருபத்தைந்தானது, பிறகு பன்னிரண்டு, பிறகு எட்டு. யூடியூப் செனலில் இரண்டு வீடியோ போட்டேன். ஒன்று எங்கள் தோட்டத்து நீர்வீழ்ச்சி, மற்றது அதே நீர்வீழ்ச்சி வேறு பக்கத்திலிருந்து. பதினேழு பேர் சேர்ந்தார்கள், அதில் மூன்று பேர் நானே. ஆயிரத்தை வெட்டிப் பதினேழு என்று எழுதினேன். கீழ் லயத்து அக்காமார் இரண்டு பேர் மலையில் கொழுந்து எடுத்து வரும் வழியில், கூடையை இறக்காமலே எட்டிப் பார்த்து, "பதினேழு புதுசு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மார்ச் மாதம் டவுனுக்குப் போனபோது பஸ் நிலையத்து லொத்தர்க்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். சிங்களவர், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மல்லி! அத இலக்கம கீயத?"

தம்பி, இன்றைக்கு இலக்கம் எத்தனை என்று கேட்கிறார். சிங்களத்திலும் இலக்கம் இலக்கம்தான். நான் இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் மாட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்டு என்றேன், அதுதான் அன்றைய தண்டால் கணக்கு. அவர் எட்டில் முடிகிற சீட்டுகளை முன்னால் எடுத்து வைத்து, எனக்கு ஒரு பிளேன்டீ சொன்னார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தப் பிளேன்டீ பிடித்திருந்தது. இரண்டு முறை பரீட்சையில் கோட்டைவிட்டவனை லயத்தில் யாரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. பேசினாலும், "என்ன தம்பி, வீட்டுலதானா?" என்பதோடு சரி. இப்போது பீலியடியில் எனக்கு வாளி வைக்க இடம் விட்டார்கள். மாமா வீட்டிலிருந்து ரொட்டி வந்தது. ஏப்ரலுக்குப் பிறகு நான் இலக்குகளை என் தோல்விக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதைக்கூட நிறுத்திவிட்டேன். பார்க்க வருகிறவர்களுக்காக மாற்றினேன். பத்து நாள் ஒரே எண் இருந்தால் கூட்டம் குறைகிறது என்று, இருபத்தைந்து ஆங்கிலச் சொல்லை முப்பத்தேழு ஆக்கினேன். அந்தக் காலத்தில் நான் நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்கூடப் படிக்கவில்லை. யாருக்கும் பிறகு ரைஸ் குக்கர் விழவில்லை. ஆனால் ஒரு தடவை விழுந்ததே, அது போதும், ஒரு வருடம் ஓட்டலாம். மற்றப் பாடப்புத்தகங்களில் தூசி, சுவரில் மட்டும் புதுச் சிவப்பு.

எட்டாம் இலக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அதற்கு எண் இல்லையே. மாமா பார்க்கவில்லை, லொத்தர்க்காரர் கேட்கவில்லை. நானும் மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததால் அந்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

அக்டோபர் ஆரம்பத்தில் ஒரு ஞாயிறு மாலை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஜெபிக்க வந்தேன் என்றார். ஆனால் செருப்பைக் கழற்றும்போதே கண் சுவரைத் தேடியது. அம்மா ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு, தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மாமா அழைக்காமலே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஜனங்க என்னென்னமோ சொல்றாங்க. ஒங்க வீட்டுச் சுவத்துல லொத்தர் நம்பர் ஒட்டியிருக்காமே?"

நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "ஐயா, நீங்க சொல்லித்தாங்க ஒட்டுனான். புது வருசத்துல நீங்கதானே இலக்கம் எழுதச் சொன்னீங்க."

"இலக்குன்னு சொன்னேங்க!"

"அதாங்க ஐயா."

பாஸ்டர் எழுந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பருக்கு முன்னால் நின்றார். அவர் வேதாகமக் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவர் என்பதை நான் அந்த நிமிடம்தான் நினைத்தேன். பிந்திவிட்டது.

"இது லொத்தர் இல்லீங்கம்மா," என்றார், முகம் மலர்ந்து. "ஒங்க மகன் நல்ல காரியந்தான் எழுதியிருக்காரு. நான் வாசிக்கிறேன், கேளுங்க." என்று, பிரசங்கக் குரலில், ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். காலையில் எழும்புவது. ஆங்கிலச் சொற்கள். தண்டால்.

"தண்டாலா?" என்றார் மாமா. அவருடைய முகத்தில் ஒன்பது மாதத்து நம்பிக்கை இறங்குவது தெரிந்தது. "அப்ப அந்த எட்டு?"

"எட்டு தண்டால்."

"அதுல நான் நாலு சீட்டு எடுத்தேனேங்க ஐயா…"

பாஸ்டர் அதைக் காதில் வாங்காமல் கீழே போனார். ஏழாவதில் அவருடைய குரல் தடுக்கியது. "ஏழு… அவளுடைய ஸ்டேட்டஸைப் பார்ப்பது… சைபர் தடவை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன்னா எவ?" என்றார் அம்மா.

"எட்டு…" என்றார் பாஸ்டர் அவசரமாக.

"ஐயா, ஏழ முடிங்க ஐயா," என்றார் மாமா. அவருக்குக் கவலை போய்விட்டது.

"எட்டு. பரீட்சை."

"எத்தன?" என்றார் அம்மா.

"எண் ஒன்னும் போடலீங்கம்மா. வெறுமனே பரீட்சன்னு இருக்கு. ஒன்பது… தாயாரிடம் கத்துவது, வாரத்துக்கு ஒன்று."

"ஒன்னா?" என்றார் அம்மா. "நேத்து மட்டும் மூனு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பாஸ்டரும் இருமுகிற மாதிரி சிரித்தார். பிறகு ஜெபித்தார். என் பார்வை சிதறாதிருக்க வேண்டும் என்று நீளமாக ஜெபித்தார், ஆமென் சொல்லும்போது மாமாவின் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது. அவர்கள் போனதும் அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கழுவினார். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினார்.

"பரீட்ச எட்டாவதா?"

"அது வரிசையில்லம்மா. சும்மா எழுதினது."

"ஒடம்ப வளக்கறது மூனாவது. எவளோ ஒருத்தி ஏழாவது. அவளுக்குப் பொறகுதான் பரீட்ச."

நான் கத்தலாம் என்று நினைத்தேன். அந்த வாரத்துக் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

"மலையில ஒவ்வொருத்தரும் கேப்பாங்க, ஒங்க மவன் என்ன, மூனாவது தடவயும் எழுதுறானாமேன்னு. அவன்ட்ட நேரா ஒன்னும் கேக்காதீங்கடி, புள்ள மனசு ஒடஞ்சி போகும்னு ஒவ்வொருத்தியா சொல்லி வெச்சிருக்கேன். நானும் கேக்கல. நீ படிக்கிறேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். வெளக்கு எரிஞ்சிச்சில்ல."

நான் மாமாவுக்காக எரித்த விளக்கு அது. அடுப்பு ஊதுகிற சாக்கில் காலையில் அம்மா அதைப் பார்த்திருக்கிறார்.

பேப்பரைக் கிழித்தேன். ஈரம் பூத்த சுவர் முன்னைவிடப் பெரிதாகப் பூத்திருந்தது. ஏழு வாரம் இருந்தது. வீட்டில் இருந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் சாவியைக் கேட்டேன். குழந்தைகளைத் தாய்மார் கூட்டிக்கொண்டு போன பிறகு அங்கே உட்கார்ந்து படிக்கலாம். "படிச்சிட்டு கூட்டி வெச்சிட்டுப் போ. தொட்டில்ல படுத்துத் தூங்குனா காலையில தோலை உரிப்பேன்," என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். இரண்டு வயதுப் பிள்ளைக்கான நாற்காலியில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து, பால்மா வாசனைக்குள் ஏழு வாரம் படித்தேன். அந்த ஏழு வாரத்தில் படித்தது அதற்கு முந்திய ஒன்பது மாதத்தைவிடக் கூட. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒன்பது மாதம் எவ்வளவு கேவலமாகப் போனது என்பதைத்தான் சொல்கிறேன்.

பரீட்சையில் தமிழ் நன்றாக எழுதினேன். அரசியல் விஞ்ஞானம் பரவாயில்லை. புவியியலில் ஒரு வரைபடம் கொடுத்து, சமவுயரக் கோடுகளைப் பார்த்துச் சரிவைக் கணக்கிடச் சொன்னார்கள். பிறந்த நாளிலிருந்து சரிவில் நிற்கிறவன் நான். சோறு சாப்பிடும்போதுகூடத் தட்டு ஒரு பக்கம் சாயும். அந்தக் கேள்வியில்தான் வழுக்கினேன். புவியியல் புத்தகத்தின் மேல் தூங்கிய காலைகள் எல்லாம் வரிசையாக வந்து அந்த மேசையில் உட்கார்ந்தன.

பெறுபேறு இந்த வருடம் வந்தது. சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறி நின்று பார்த்தேன். தமிழ் பி, அரசியல் சி, புவியியல் எஸ். எஸ் என்றால் சாதாரண சித்தி, விழாமல் தப்பியது மாதிரி. மூன்றும் பாஸ். அதற்குக் கீழே இருந்த, பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி, கெம்பஸ் இல்லை என்று சொன்னது. வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருக்கவே தேவையில்லை, அவ்வளவு தூரம்.

இறங்கி வந்தபோது அம்மா மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு நின்றார். சுற்றிலும் பெண்கள். அத்தனை பேரும் ஒரு கேள்வியும் கேட்காமல் என் முகத்தையே பார்த்தார்கள். அம்மா சொல்லி வைத்தது அப்போதும் வேலை செய்தது.

"பாஸா?" என்றார் அம்மா.

"பாஸ்தான், ஆனா…"

ஆனாவுக்குப் பிறகு யாருக்கும் காது கேட்கவில்லை. ஒருத்தர் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். இன்னொருத்தர் என் கன்னத்தைக் கொழுந்துக் கறையோடு கிள்ளினார். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அம்மா கடையில் ஒரு பெரிய டொபிப் பக்கட் வாங்கி, எங்கள் லயத்தில் பாதிக் காம்பராவுக்குக் கொடுத்து முடித்திருந்தார். அடுத்த வாசலில்தான் அவரைப் பிடித்தேன்.

"அம்மா, நில்லுங்க. பாஸ்தான். ஆனா கெம்பஸுக்கு எடுக்க மாட்டாங்க. புள்ளி காணாது."

பக்கட்டுக்குள் கை அப்படியே நின்றது. "அது என்னா பாஸு?"

"அப்படி ஒரு பாஸ் இருக்கும்மா."

"இன்னொருக்கா எழுதுனா?"

"எழுதலாம். ஆனா எடுக்க மாட்டாங்க. முடிஞ்சிச்சி."

வாசலில் இருந்த சின்னப்பிள்ளை ஒன்று டொபிக்காகக் கையை நீட்டியபடியே நின்றது. அம்மா அதன் கையில் ஒன்றை வைத்தார்.

"குடுத்தத திருப்பி வாங்க ஏலாது," என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. கண் நிறைந்தபடியே இருந்தது. "பாஸுன்னுதானே சொன்ன. பொய் இல்லியே?"

"பொய் இல்ல."

"அப்ப கீழ் லயத்துக்கு நீயே கொண்டு போ. எனக்கு கால் வலிக்குது. கேட்டா உள்ளதச் சொல்லு. நான் இனி யாரையும் கேக்க வேணாம்னு சொல்ல மாட்டேன்."

பக்கட்டைக் கையில் திணித்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். கீழ் லயத்தின் முதல் காம்பராவில் ஓர் அக்கா வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். டொபியைப் பார்த்ததும் எழுந்தார்.

"பாஸாமே தம்பி! எந்த கெம்பஸ்?"

"கெம்பஸ் இல்லீங்க அக்கா. பாஸ் மட்டுந்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "ஏய், இங்க வாடி! பாஸானாலும் பத்தாதாம்!"

"தெரியும்மா," என்று உள்ளேயிருந்து மகளின் குரல். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் எழுதுகிறது, அதே பாடங்கள். "அந்த அண்ணன்ட கேளு, ஜோகிரபிக்கு என்னா எடுத்தாருன்னு."

"எஸ்," என்றேன்.

"எஸ்ன்னா என்னா தம்பி?"

சொன்னேன். அக்கா பக்கட்டிலிருந்து இரண்டு டொபி எடுத்திருந்தார். கொஞ்சம் யோசித்து, ஒன்றைத் திருப்பி உள்ளே போட்டார்.